சாளரமும் சால்பும்

வீடு என்பது நான்கு சுவர்களால் ஆனது என்பர். ஆயினும், வாயிலும் சாளரமும் இல்லாத நான்கு சுவர்களை எவரும் வீடு என்று அழைப்பதில்லை. அவை சிறையாகும், அல்லது கல்லறையாகும். காற்றும் ஒளியும் உள்ளே வரவும், மனிதன் வெளியே சென்று மீளவும் சுவரில் விடப்படும் திறப்புகளே வீட்டிற்கு உயிர் தருகின்றன. அத்திறப்புகளே வீட்டின் மிக மெலிந்த உறுப்புகளாகவும் இருக்கின்றன. சுவர் நூறாண்டு நிற்கும்; கதவின் கீலோ சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அசையாதது நெடுநாள் நிலைக்கிறது. நாள்தோறும் அசைந்து பயன் தருவது விரைவில் தளர்கிறது. ஆதலின், வீட்டைப் பேணுதல் என்பது பெரும்பாலும் கதவையும் சன்னலையும் பேணுதலே ஆகும்.

கீலுக்கு எண்ணெய் இடுவதிலும் திருகாணியை முடுக்குவதிலும் அறம் எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை காண்பது, மேலோட்டமாகப் பார்க்கும்போது தோன்றும் அளவிற்கு எளிதன்று.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பனிக்காலம் இல்லை. இலையுதிர் காலமும் இல்லை. எனினும் பருவம் உண்டு. ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் வீசுகின்றன. கிளந்தான், திரெங்கானு முதலிய கிழக்குக் கரை மாநிலங்களில் ஆண்டிறுதி மழை வெள்ளமாகவே பெருகுவதுண்டு. வேறு மாதங்களிலோ, சுமத்திராத் தீவின் பக்கமிருந்து விடியற்பொழுதில் திரண்டு வரும் சூறைக்காற்று, சற்று நேரத்திற்குள் மரக்கிளைகளை முறித்துவிட்டுப் போகும்.

இப்பருவ மாற்றங்களை முதலில் உணர்பவை வீட்டின் கதவுகளே. மரம் ஈரத்தைக் குடித்துப் பருக்கிறது; நேற்றுவரை ஒரு விரலால் திறந்த கதவு, இன்று நிலையைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது. பொறுமையற்றவர் உடனே தச்சரை அழைத்து இழைக்கச் சொல்கிறார். கைதேர்ந்த தச்சரோ, மழை ஓயட்டும் என்கிறார். ஈரத்தில் இழைத்த கதவு வெயிற்காலத்தில் சுருங்கி இடைவெளி விடும் என்பதை அவர் அறிவார். இழைத்து எறிந்த மரத்தை மீண்டும் ஒட்ட இயலாது. செய்ய வேண்டிய பருவத்தில் செய்தலும், செய்யலாகாத பருவத்தில் காத்திருத்தலும் சேர்ந்ததே பேணுதல்.

தமிழர் இல்லங்களில் இவ்வேலைக்கு எழுதப்படாத நாள்காட்டி ஒன்று உண்டு. தீபாவளித் திருநாள் பெரும்பாலும் ஆண்டிறுதி மழை வலுக்கும் முன்னரே வந்துவிடுகிறது. பண்டிகைக்காக வீட்டைக் கழுவி, கதவுக்குச் சாயம் பூசி, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் இடும் குடும்பம், தான் அறியாமலேயே மழைக்கும் ஆயத்தமாகிவிடுகிறது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தலைமுறையினர், பலகைச் சன்னலின் கீல் தளர்ந்தால் ஒரு துண்டுக் கம்பியால் கட்டி வைத்தனர். அது கழன்று விழுந்தாலும் அவ்வீட்டு வாசலிலேயே விழும். இழப்பும் காயமும் பெரும்பாலும் அவ்வீட்டார்க்கே உரியவை. சோம்பலின் தண்டனையைச் சோம்பியவரே பெற்றனர்.

அடுக்குமாடி வாழ்க்கை அக்கணக்கை மாற்றிவிட்டது. 1960ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் பின்னர் மக்கள் கம்பத்து வீடுகளிலிருந்தும் நெருக்கமான கடைவீடுகளிலிருந்தும் உயரமான கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பத்தாம் மாடியில் தளரும் கீல், அவ்வீட்டில் வாழ்பவருக்கு ஒரு சிறு கிறீச்சொலி மட்டுமே. கீழே நடந்து செல்பவருக்கோ அது உயிர்க்கேடு. அலட்சியம் ஒருவருடையது, ஆபத்து மற்றொருவருடையது. இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதுமில்லை. இந்த இடத்தில்தான் எண்ணெய்க் குப்பி அறத்தின் எல்லைக்குள் நுழைகிறது.

"என் வீடு; என் சன்னல்" என்னும் சொல்லில் உரிமை தெரிகிறது. ஆனால் அவ்வுரிமை எங்கே முடிகிறது? சிங்கப்பூர் நகரின் அமைப்பே இதற்கு ஒரு பழைய விடையைத் தருகிறது. 1822ஆம் ஆண்டில் நகரத் திட்டத்தை வகுத்த ராஃபிள்ஸ், ஒவ்வொரு வீட்டின் முன்னும் எந்நேரமும் திறந்திருக்கும் நிழற்பாதை ஒன்று அமைய வேண்டும் என்று பணித்தார். அதுவே பின்னர் ஐந்தடிப் பாதை எனப் பெயர் பெற்றது. கட்டுபவர் வீட்டுக்காரர், நடப்பவர் ஊரார். வீட்டின் முகப்பு வீட்டுக்காரருக்கு மட்டுமே உரியதன்று என்னும் கருத்து, இந்நகரோடு உடன் பிறந்தது.

உலகின் பழைய நெறிகளும் இதையே கூறுகின்றன. புதிதாக வீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுபவனின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று விவிலியத்தின் உபாகமம் எச்சரிக்கிறது. மக்கள் நடமாடும் வழிக்கு மேலே, விழுந்தால் தீங்கு செய்யக்கூடிய பொருளை வைத்திருப்பவனுக்கும் தொங்கவிட்டிருப்பவனுக்கும் உரோமானியர் பத்துப் பொற்காசுகள் தண்டம் விதித்தனர். அப்பொருள் விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை. விழக்கூடிய நிலையில் இருந்தாலே போதும். கி.பி. 533இல் வெளிவந்த ஜஸ்டினியன் பேரரசரின் சட்டத் தொகுப்பில் இது பதிவாகியுள்ளது.

தமிழில் சன்னலைத் தாங்குவதும் சட்டம். நாட்டைத் தாங்குவதும் சட்டம். முன்னது தளர்ந்தபோது பின்னது குறுக்கிட வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் வெளிப்புறமாகத் திறக்கும் சன்னல்கள் பலவற்றில் கீல்களைப் பிணைத்து நின்றவை அலுமினிய ரிவெட்டுகள். ஈரக்காற்றில், எஃகோடு ஒட்டி நிற்கும் அலுமினியம் மெல்ல மெல்ல அரிக்கப்படுகிறது. வெளியே பார்த்தால் சன்னல் பளபளக்கும். உள்ளே ஆணி மாவாகிக்கொண்டிருக்கும். சன்னல்கள் விழுந்த நிகழ்ச்சிகளை அடுத்து, 2004ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து அவ்வலுமினிய ரிவெட்டுகளை அகற்றித் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளைப் பொருத்துவது வீட்டு உரிமையாளரின் கடமையாக்கப்பட்டது. மாற்றத் தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். பராமரிப்பின்மையால் சன்னல் விழுந்துவிட்டாலோ, அபராதம் 10,000 வெள்ளி வரையிலும் சிறை ஓராண்டு வரையிலும் உயரும்.

இவ்விரு தண்டனைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் அறநூலாரை நெடுங்காலம் வருத்திய கேள்வி ஒன்று மறைந்திருக்கிறது.

ஒரே கட்டடத்தில் மூன்று வீட்டாரை எண்ணிப் பார்க்கலாம். மூவர் வீட்டுச் சன்னல்களும் ஒரே வயதுடையவை. மூவரும் அறிவிப்பைப் படித்தனர். மூவரும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டனர். ஒரு விடியலில் சூறைக்காற்று வீசுகிறது. முதல் வீட்டாரின் சன்னல் ஆடியதோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் வீட்டாரின் சன்னல் புல்தரையில் விழுந்து நொறுங்குகிறது. மூன்றாம் வீட்டாரின் சன்னல், பள்ளிக்குப் புறப்பட்ட ஒரு சிறுவனின்மேல் விழுகிறது. ஊர் முதல்வரை அறியாது; இரண்டாமவரைக் கடிந்துகொள்ளும்; மூன்றாமவரைக் கொடியவர் என்று தூற்றும். மூவரின் நெஞ்சிலும் இருந்த அலட்சியம் ஒன்றே. வேறுபட்டது காற்றின் போக்கும் சிறுவன் நடந்து வந்த நேரமும்தான். அவ்வாறாயின், மூவரும் ஒரே அளவு குற்றவாளிகளா?

விளைவே அளவுகோல் என்று கொண்டால், அறம் என்பது ஏறத்தாழச் சீட்டுக் குலுக்கலாகிவிடும். மனமே அளவுகோல் என்று கொண்டால், மகனை இழந்த தாயின் முன் நின்று, "இவரும் மற்ற இருவரும் ஒன்றே" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எவருக்கும் நா எழாது. ஆடம் ஸ்மித் 1759ஆம் ஆண்டில் வெளியிட்ட அறவுணர்ச்சி பற்றிய நூலில் இச்சிக்கலை ஆராய்ந்தார். முன்னறிவிப்பு இன்றித் தெருவை நோக்கிச் சுவருக்கு மேலே பெருங்கல்லை எறிபவனை அவர் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். கல் எவர்மேலும் படாவிடினும் அவன் ஒறுக்கத்தக்கவனே என்பது அவர் கருத்து. எனினும், மனித உணர்ச்சி விளைவையே பின்தொடர்ந்து செல்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1976ஆம் ஆண்டில் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய இரு மெய்யியலாரும் இதே கேள்வியை மீண்டும் எழுப்பினர். அதன் பின்னரும் அறிஞரிடையே முடிந்த முடிபு ஒன்று உருவாகவில்லை.

இங்கே குற்றம் வேறு, கடன் வேறு எனப் பிரித்துக் காண்பது தெளிவு தரும். குற்றம் தள்ளிப்போட்ட நாளிலேயே முழுமை பெற்றுவிட்டது. அதில் மூவரும் சமமே. சிறுவனின் குடும்பத்திற்கு மூன்றாமவர் பட்டிருக்கும் கடனோ, வாழ்நாள் முழுவதும் தீராதது. அக்கடன் மற்ற இருவருக்கும் இல்லை. நாட்டுச் சட்டம் கடனையும் சேர்த்து எடை போடுகிறது. ஆதலின் தண்டனையைக் கூட்டுகிறது. மனச்சான்று குற்றத்தை மட்டும் எடை போட வேண்டும். அவ்வாறு எடை போடுமாயின், முதலாமவர் தப்பித்தோம் என்று மகிழ்வதற்கு இடமில்லை. அவருக்கு விடப்பட்டது அவகாசம், விடுதலை கிடைக்கவில்லை. எங்கோ சன்னல் விழுந்த செய்தியை நாளிதழில் படித்துச் சினம் கொள்பவர் பலர். படித்து முடித்ததும் எழுந்து சென்று தம் வீட்டுச் சன்னலைத் தொட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

திருவள்ளுவர் பொச்சாவாமை என்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். மகிழ்ச்சியின் மிகுதியால் வரும் மறதியை, எல்லை கடந்த சினத்தினும் தீயதாக அவர் கருதுகிறார். சினம் கொண்டவனைக் கண்டால் பிறர் விலகி நடப்பர். மறதியுடையவன் வீட்டின் கீழே எவரும் விலகி நடப்பதில்லை. ஆபத்து அங்கே அமைதியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எனினும், எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. ஆற்றல் உள்ள இடத்தில்தான் கடமை பிறக்கிறது. தனித்து வாழும் மூதாட்டி நாற்காலியின்மேல் ஏறிக் கீலைச் சோதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. அவ்விடத்தில் கடமை மறைந்துவிடுவதில்லை; இடம் மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் மகனுக்கும், எதிர்வீட்டு இளைஞனுக்கும், வாடகை வாங்கும் உரிமையாளருக்கும் அது சென்று சேர்கிறது. அண்டை வீட்டாரின் நலத்தைக் கேட்பவர், அவர் வீட்டுச் சன்னல் நலமா என்றும் கேட்கலாம்.

பேணுதலின் பெயரால் பிறருடைய உயிரைப் பணயம் வைப்பதும் அறமாகாது. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டில், இல்லப் பணிப்பெண்கள் சிலர் உயர்மாடிகளிலிருந்து விழுந்து உயிரிழந்தனர். அதன்பின், கம்பித் தடுப்புப் பூட்டப்பட்டிருந்து, வயது வந்த ஒருவர் மேற்பார்வை செய்தாலன்றி, உயர்மாடிச் சன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்க அவர்களைப் பணிக்கக் கூடாது என்று அரசு விதி செய்தது. தீபாவளிக்காகவும் சீனப் புத்தாண்டுக்காகவும் கண்ணாடி பளபளக்க வேண்டும் என்னும் விருப்பத்தில் தவறில்லை. ஆனால், அயல்நாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்த ஒரு பெண்ணை விளிம்பில் நிற்க வைத்துப் பெறும் தூய்மை, அழுக்கினும் இழிந்தது. கீழே நடப்பவரைக் காக்க வேண்டும் என்னும் அதே நெறி, மேலே நிற்பவரையும் காக்கச் சொல்கிறது.

பிற நற்செயல்களுக்கு இல்லாத ஒரு தன்மை இவ்வறத்திற்கு உண்டு. பசித்தவனுக்குச் சோறு இட்டால் அவன் முகம் மலர்கிறது. நீரில் மூழ்குபவனைக் கரை சேர்த்தால் ஊர் புகழ்கிறது. தளர்ந்த திருகாணியை முடுக்கியவருக்கோ நன்றி கூற எவரும் இல்லை. அவர் காத்த உயிர் எது என்று அவருக்கும் தெரியாது, காக்கப்பட்டவருக்கும் தெரியாது. அவர் உழைப்பின் பயன், ஒன்றும் நிகழாமையே. நிகழாத தீமைக்குக் கல்வெட்டு இல்லை; விழாவும் இல்லை. புகழை விரும்பும் மனம் இவ்வேலையைத் தொடர்ந்து செய்வது அரிது. அண்டை அயலாரை உண்மையாக மதிக்கும் மனமே இதை ஆண்டுதோறும் சலிப்பின்றிச் செய்யும். சான்றாண்மையை அளந்தறிய இதைவிட நல்ல கருவி வேறு எது?

மழைக்காலம் நெருங்கும்போது ஒரு குடும்பத் தலைவர் கீலுக்கு எண்ணெய் இட்டு, துருவைச் சுரண்டி, தேய்ந்த ஆணியை மாற்றி, இழுப்புச் சன்னலின் தடுப்புக்கட்டை உறுதியாக உள்ளதா என்று பார்க்கிறார். அரைநாள் வேலை, சில வெள்ளிச் செலவு. அன்று மாலை கீழே பள்ளிப் பிள்ளைகள் ஓடுகின்றனர். முதியவர் ஒருவர் ஊன்றுகோலுடன் மெல்ல நடக்கிறார். எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அண்ணாந்து பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் மக்கள் நடமாடுவதே, ஒரு நகரத்தார் ஒருவருக்கொருவர் செய்துகொண்டிருக்கும் பெரிய உதவியாகும்.