அட்ஜஸ்ட் செய்வதும் பழுது பார்ப்பதும்

பராமரிப்பு எப்போதும் நல்லதுதானா? 1990இல் பெரனிஸ் ஃபிஷரும் ஜோன் டிரான்டோவும் பராமரிப்பை வரையறுத்தபோது, நாம் வாழும் உலகைப் பேணுவதோடு அதைப் பழுது பார்ப்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தை, நோயாளி, முதியவர் என்று நின்றிருந்த சொல் பொருள்களையும் தொட்டது. அந்த விரிவை ஒரு எந்திரத்தை வைத்து யோசிக்கிறேன்: நானே பிரித்துப் பூட்டும் பழைய ஜெட் ஸ்கி கார்புரேட்டர்.

1973இல் கவாசாகி ஜெட் ஸ்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொண்ணூறுகள் வரை இவ்வகை நீர்வண்டிகள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஓடின. தண்ணீரில் கவிழக்கூடிய வண்டி என்பதால் மிதவை வைத்த கார்புரேட்டர் இதற்குச் சரிப்படாது. ரப்பர் சவ்வு வைத்ததே பொருந்தும். ஆண்டுகள் போனால் சவ்வு விறைக்கும், ஊசி வால்வு தேயும், உள்ளே இருக்கும் சின்ன வடிகட்டியில் கசடு அடையும். ஆகவே முழுக்கப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு ஜெட்டையும் வெளிச்சத்தில் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சவ்வை மாற்றி, ஊசி எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று அளந்து, கசிவு பார்த்துப் பூட்ட வேண்டும்.

இந்த வேலை நமக்கு அந்நியமல்ல. குக்கரின் காஸ்கெட்டை மாற்றுகிறோம். ஸ்டவ் பர்னரின் அடைப்பை ஊசியால் எடுக்கிறோம். மிக்ஸி ஜாரின் கசிவைப் பார்க்கிறோம். அடுக்களையில் அது கடமை. ஒரு ஆண் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கார்புரேட்டருக்குக் கொடுத்தால் அது ஈடுபாடு, ஞானம். நான் பூட்டியதைப் பார்த்தால் "யார் செய்து கொடுத்தது?" என்று கேட்கிறார்கள். எங்கள் வேலையும் திறமைதான் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதோடு நின்றால், எதைப் பராமரிக்கிறோம் என்ற கேள்வி தப்பித்துவிடும்.

கார்புரேட்டரின் வெளியே இரண்டு திருகுகள் உண்டு. எஞ்சின் திணறினால் அவசரக்காரர் உள்ளே பார்க்காமல் திருகைத் திருப்புவார். சத்தம் சீராகும். அடைப்பு அப்படியே இருக்கும். முழு வேகத்தில் போதிய பெட்ரோல் வராமல் சூடேறி ஒருநாள் பிஸ்டன் உருகும். நம் வீடுகளில் இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." கோளாறைத் தொடாமல் சத்தத்தை மட்டும் அடக்கும் ஏற்பாடு அது. அதையே பொறுமை என்றும் குடும்பப்பாங்கு என்றும் புகழ்கிறோம். அட்ஜஸ்ட் செய்பவளுக்கு வேலை குறைவதில்லை, பழுதும் தீர்வதில்லை.

சரி, முழுமையாகப் பழுது பார்த்தாயிற்று. இனி எல்லாம் நல்லபடியா? கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புதுக் கலவை உள்ளே வரும்போதே புகைவழியும் திறந்திருக்கும். அதனால் எரிபொருளில் கால்பங்கு வரைகூட எரியாமல் தண்ணீருக்குள் போகலாம். எவ்வளவு அருமையாகப் பூட்டினாலும் இது அதன் பிறவிக் குணம். கலிபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள டாஹோ ஏரியில் 1999இல் இத்தகைய எஞ்சின்களுக்குத் தடை வந்தது. அந்த ஏரி பலருக்குக் குடிநீர். என் கையின் நேர்த்தி அந்த நீருக்குச் சமாதானம் ஆகாது.

பழுது என்பது ஒன்று. படைப்பிலேயே உள்ள தீங்கு என்பது வேறு. முதலாவதைச் சரிசெய்யலாம். இரண்டாவதை நாம் திறமையாகப் பராமரிக்கப் பராமரிக்க அது நீண்ட நாள் ஓடும். ஒருத்தியின் உழைப்பை விழுங்கியே நடக்கும்படி அமைந்த குடும்பத்தை அவளே அன்பாகப் பேணிக் காப்பதும் இப்படித்தான்.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா? புது வண்டி வாங்க வசதியுள்ளவருக்குத் தடை ஒரு செலவு. மற்றவருக்கு அதுவே முடிவு. "விட்டுவிட்டு வா" என்று பெண்ணிடம் சொல்வதும் சுலபம். போக இடமும் கையில் சம்பளமும் இல்லாதவளுக்கு அந்த அறிவுரை இன்னொரு சுமை. விடச் சொல்பவர்கள் விடுவதற்கான செலவிலும் பங்கேற்க வேண்டும்.

ஆகவே பராமரிப்பைத் தன்னளவில் நல்லொழுக்கம் என்று நான் ஏற்பதில்லை. ஸ்பேனரை எடுக்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இது ஓடினால் யார் தலையில் விடியும்? இது ஓடியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தது யார்? காலங்காலமாகப் பழுது பார்த்தவர்களிடம் இந்தக் கேள்விகளை யாரும் கேட்டதில்லை. கேட்கும் உரிமை முதலில் அவர்களுடையது.