மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

ஒருவர்மீது ஒரு பழி சொல்லப்படுகிறது. சொன்னவர் அதனை நிறுவ வேண்டுமா? அல்லது சொல்லப்பட்டவர் தாம் குற்றமற்றவர் என்று காட்ட வேண்டுமா? கேட்பதற்கு எளிய வினாவாகத் தோன்றும். ஆயினும் ஒரு வழக்கில் வெற்றி தோல்வியைப் பல வேளைகளில் உண்மை மட்டும் முடிவு செய்வதில்லை. அவ்வுண்மையை எடுத்துக்காட்டும் சுமை யார் தோளில் வைக்கப்பட்டது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. ஆகவே இச்சுமையை யார்மீது, எப்போது வைக்கலாம் என்பது சட்ட வினா மட்டுமன்று, அறத்தின் வினாவுமாகும்.

சட்டம் வகுத்த வழி

நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இதற்கு விதிகள் வகுத்தது. 2024 ஜூலை முதல் நாள் தொட்டு அதன் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறைக்கு வந்துள்ளது. பிரிவுகளின் எண்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. எவர் ஒரு செய்தி உண்மையென்று சொல்லி அதன்மேல் தீர்ப்புக் கேட்கிறாரோ, அவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். இதனை அறிய ஓர் எளிய உரைகல்லையும் சட்டம் தருகிறது. இரு தரப்பாரும் ஒரு சான்றும் காட்டாமல் வாளாவிருந்தால் யார் தோற்பாரோ, அவர்மீதே சுமை.

ஒருவர் மற்றவருக்குப் பத்தாயிரம் ரூபாய் கடன் கொடுத்ததாகச் சொல்கிறார், மற்றவர் மறுக்கிறார். இருவரும் வாய் திறவாவிடில் கொடுத்தவரே தோற்பார். எனவே கடனை அவர் நிறுவ வேண்டும். இது நியாயமே. நிகழ்ந்த ஒன்றுக்குச் சீட்டோ சாட்சியோ இருக்கலாம். நிகழாத ஒன்றுக்குச் சாட்சி எங்கிருந்து வரும்? ஆனால் கடன் சீட்டு காட்டப்பட்டபின் வாங்கியவர், “திருப்பிக் கொடுத்துவிட்டேன்” என்றால், அதனைக் காட்டும் பொறுப்பு அவருடையதாகிறது.

1963-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இங்கே நுட்பமான வேறுபாடு ஒன்றை எடுத்துரைத்தது. வழக்கை மெய்ப்பிக்கும் அடிப்படைச் சுமை இடம் மாறுவதில்லை. சான்று காட்டும் முறைதான் வழக்கு நடக்க நடக்க இங்குமங்கும் மாறுகிறது என்பதே அது. ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். காய் நகர்த்தும் முறை மாறி மாறி வரும். ஆனால் புலி யாருடையது, ஆடு யாருடையது என்பது ஆட்டம் முடியும்வரை மாறாது.

சுமை பெயரும் இடங்கள்

முப்பது ஆண்டுகளுக்குள் உயிரோடிருந்ததாகத் தெரிகிற ஒருவர் இறந்துவிட்டார் என்று சொன்னால், சொல்பவரே அதனை நிறுவ வேண்டும். ஆனால் அவரைப் பற்றி இயல்பாக அறிந்திருக்கக்கூடிய சுற்றத்தார், ஏழாண்டுகளாக ஒரு செய்தியும் கேட்டதில்லை என்று காட்டிவிட்டால் நிலைமை மாறுகிறது. அப்போது அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே மெய்ப்பிக்க வேண்டும்.

பயணச் சீட்டின்றி இரயிலில் சென்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், தம்மிடம் சீட்டு இருந்தது என்பதைத் தாமே காட்ட வேண்டும் என்பது சட்டமே தரும் எடுத்துக்காட்டு. ஒருவரது தனி அறிவில் மட்டும் உள்ள செய்தியை அவரே வெளிப்படுத்த வேண்டும் என்பது இதன் கருத்து. காசோலையில் உள்ள கையொப்பம் தம்முடையதே என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், அது கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் கொள்ளும். அன்று என்பதை அவர் எடுத்துக்காட்ட வேண்டும்.

திருமணமான ஏழாண்டுகளுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, இறப்பதற்குச் சற்று முன்னர் வரதட்சணைக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டாள் என்பதும் நிறுவப்பட்டால், கொடுமை செய்தவரே அச்சாவுக்குக் காரணம் என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும். 1986-இல் சேர்க்கப்பட்ட விதி இது. நான்கு சுவருக்குள் நடந்ததற்கு வெளியிலிருந்து யார் சாட்சி சொல்வார்? இறந்தவள் வந்து பேசுவாளா? சுமை பெயராவிடில் அங்கே நீதிக்கு வாயே இல்லாமற்போகும்.

பெயர்ச்சிக்கு உண்டு எல்லை

எனினும் இவ்விலக்கை விரிக்க விரிக்க ஆபத்தும் வளரும். பயணப்படி பெறுவதற்காக, செய்யாத இரயில் பயணங்களைச் செய்ததாகக் கணக்குக் காட்டினார் என்று ஓர் அரசு எழுத்தர்மீது வழக்கு. பயணம் செய்தது அவருக்குத்தானே தெரியும், அவரே காட்டட்டும் என்றது அரசுத் தரப்பு. 1956-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அப்படிக் கொண்டால், கொலை செய்தாரா இல்லையா என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கன்றி வேறு யாருக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லி, ஒவ்வொரு கொலை வழக்கிலும் அவரையே மெய்ப்பிக்கச் சொல்ல நேரும் என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினர்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால் மூன்று வரம்புகள் புலனாகும். முதலாவது, குற்றம் சாட்டுபவர் அடிப்படைச் செய்தியை முதலில் நிறுவியிருக்க வேண்டும். இரண்டாவது, விளக்கம் உண்மையிலேயே மற்றவர் கையில் இருப்பதாக இருக்க வேண்டும். மூன்றாவது, விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தரப்பட வேண்டும். அவர் மேல் விழும் சுமையும் இலேசானதே. குற்றத்தை ஐயத்திற்கிடமின்றி நிறுவுவது அரசின் கடன்; குற்றம் சாட்டப்பட்டவரோ தம் விளக்கம் நம்பத்தக்கது என்று காட்டினாலே போதும்.

சிலம்பு சொல்லும் செய்தி

திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் அப்பொருள் ஒருவர் கையில் இருந்தால் அவரைக் கள்வர் என்றோ, திருட்டுப் பொருளென்று அறிந்தே பெற்றவர் என்றோ கருதலாம் என்கிறது சட்டம். உடனே, அது தம்மிடம் வந்த வகையை அவர் விளக்காவிடில் என்று ஒரு வரம்பும் இடுகிறது. இவ்வொரு தொடரை வைத்துக்கொண்டு சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தைப் படித்துப் பாருங்கள்.

கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. அது அரசியின் சிலம்பே என்பதைப் பொற்கொல்லன் சொல்லன்றி வேறொன்றும் நிறுவவில்லை. எனவே முதல் வரம்பு மீறப்பட்டது. அச்சிலம்பு எங்ஙனம் வந்தது என்று கோவலனை எவரும் வினவவில்லை. மூன்றாம் வரம்பும் மீறப்பட்டது. இவன் தோற்றம் கள்வனுடையதாக இல்லையே என்று காவலர் ஐயுற்றபோது, பொற்கொல்லன் கள்வரின் சூழ்ச்சித் திறங்களை விரித்துரைத்து அவ்வையத்தை அடக்கினான். நல்ல தோற்றமும் கள்வனின் வேடமே என்றால், கோவலன் எதைக் காட்டித் தன்னைக் காத்துக்கொள்வான்? எதைக் காட்டினாலும் அதுவே குற்றத்துக்குச் சான்றாகும் என்னும் வழக்கில், சுமை பெயரவில்லை. சுமக்கவே முடியாதபடி ஏற்றப்படுகிறது.

அரசன் செய்யத் தவறிய விசாரணையைக் கண்ணகி செய்வித்தாள். குற்றம் சாட்டியவர் தாங்க வேண்டிய சுமையைக் கணவனை இழந்தவள் தாங்கினாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசனோ, சிலம்பு உடைக்கப்படும் முன்னரே, தங்கள் சிலம்பின் பரல் முத்து என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். தனக்குத் தெரிந்த உண்மையைத் தனக்கெதிராகவும் மறைக்காத அந்நேர்மை போற்றத்தக்கது. ஆனால் அது காலங்கடந்து வந்தது. அதே வினா ஒரு நாள் முன்னர்க் கேட்கப்பட்டிருந்தால் ஒரு சிலம்பை உடைத்ததோடு வழக்கு முடிந்திருக்கும். உண்மை வெளிப்பட்டது, கோவலன் வாழ்வு மீளவில்லை.

நம் கடமை

சுமையைக் குற்றம் சாட்டுபவர்மீதே வைத்தால் குற்றவாளிகள் சிலர் தப்பிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். தப்புவர், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் தப்பியவரைப் பின்னொரு சான்று பிடித்துத் தரலாம். குற்றமற்றவருக்கு இழைத்த தண்டனையை எந்தச் சான்றும் திருப்பித் தராது.

நீதிமன்றம் நம்மில் பலருக்குத் தொலைவில் உள்ளது. ஆயினும் நாள்தோறும் நம் இல்லங்களிலும் சங்கங்களிலும் நாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேயிருக்கிறோம். ஒரு மருமகளைப் பற்றியோ, வேலை செய்பவரைப் பற்றியோ, பெண் கொடுக்க இருக்கும் குடும்பத்தைப் பற்றியோ ஒரு சொல் காதில் விழுகிறது. “நெருப்பில்லாமல் புகையுமா?” என்கிறோம். அச்சொல்லால் சுமையை ஓசையின்றி மற்றவர் தோளுக்கு மாற்றிவிடுகிறோம். அவரோ தம்மீது வழக்கு நடந்ததையே அறியார்.

மறுபுறம், பொதுப் பணத்தைக் கையாளும் ஒருவர், “நான் எடுத்தேன் என்பதை நீங்கள் காட்டுங்கள்” என்று சொல்லித் தப்பவும் கூடாது. பணம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. கணக்கேடும் அவர் கையிலேயே உள்ளது. அங்கே அவரே காட்டுவதுதான் முறை. கேட்பது அவமதிப்பாகாது; காட்டுவது தாழ்வுமாகாது.

ஆகவே ஒரு பழிச்சொல் வரும்போது வரிசையாகக் கேட்போம். சொல்பவர் எதனை நேரில் அறிவார்? அது நிறுவப்பட்டதா? சொல்லப்பட்டவரிடம் கேட்டாயிற்றா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை தீர்ப்பை நிறுத்தி வைப்போம். நம் பிள்ளைகளுக்கும் இப்பழக்கத்தைச் சிறு வயதிலேயே கற்பிப்போம்.