கடதாசி இல்லாதவர்களின் தோழி



நம் லயத்துக் காம்பிராக்களில் தகரப்பெட்டி ஒன்று இருக்கும். பிறப்புச் சாட்சிப்பத்திரம், ஞானஸ்நானச் சீட்டு, தாத்தா போட்ட பழைய விண்ணப்பம் எல்லாம் அதற்குள்ளே. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவர்களை நாடற்றவராக்கிற்று. 1964-இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கிட்டார்கள். கடதாசி இல்லாதவன் படும் பாட்டைப் பசறைக்கும் மடுல்சீமைக்கும் யாரும் போதிக்க வேண்டியதில்லை.

அத்தகையோருக்கென்றே 1922-இல் ஒரு கடவுச்சீட்டை உண்டாக்கியவர் நோர்வே நாட்டு நான்சென். அவர் பெயரால் ஐ.நா. அகதிகள் ஆணையகம் வழங்கும் விருதை 2003-இல் பெற்றவர் அன்னலேனா தொனெல்லி என்னும் கத்தோலிக்கப் பெண்மணி.

இத்தாலியின் ஃபோர்லி நகரில் 1943-இல் பிறந்தவர்; சட்டம் படித்தவர். அவர் கன்னியாஸ்திரி அல்லர். எந்தச் சபையின் உடுப்பையும் அணியவில்லை. 1969-இல் ஆசிரியையாகக் கென்யா சென்று, பின்பு வறண்ட வடகிழக்கில் வஜீர் என்னும் ஊரில், இஸ்லாமியரான சோமாலிய நாடோடி மக்களிடையே குடியமர்ந்தார்.

அம்மக்களை வாட்டியது காசநோய். உடம்பு சற்றுத் தேறியதும் நோயாளி ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். மருந்து பாதியில் நிற்கும், நோய் திரும்பும். அன்னலேனா என்ன செய்தார்? நோயாளிகளின் குடிசைகளையே சிகிச்சை நிலையத்தின் பக்கத்தில் போடச் செய்தார். மாதக்கணக்கில், ஒவ்வொரு நாளும், கண்ணெதிரே மருந்தை விழுங்க வைத்தார். உலக சுகாதார நிறுவனம் பின்னாளில் உலகெங்கும் பரப்பிய முறைக்கு இது முன்னோடி.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு தோட்டத்தில் காசநோய்க்காரர் ஒருவரின் வீட்டில் தேத்தண்ணீர் தந்தார்கள். "இப்போதுதான் குடித்தேன், அம்மா" என்றேன். பொய்! அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றும் காலையில் பூசை வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். மத்தேயு 25-ஆம் அதிகாரம் எனக்கு மனப்பாடம்.

1984-இல் வஜீருக்கு அருகே, வகல்லா விமானத் தளத்தில், அரச படையினர் ஆண்களை அடைத்துவைத்துக் கொன்றார்கள். அன்னலேனா பிணங்களைத் தேடி எடுத்தார், காயப்பட்டவர்களைக் காத்தார், நடந்ததை வெளியே சொன்னார். பலன், கென்யாவிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். சொந்த ஊருக்குத் திரும்பி நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ சோமாலியா சென்றார். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் அவர் கண்முன்னேதான் நடந்தன.

1996-இல், எத்தியோப்பிய எல்லைக்கு அண்மையிலுள்ள போராமா நகரில் காசநோய் மருத்துவப் பணியைத் தொடங்கினார். போரால் சிதறிய குடும்பங்களும் திரும்பி வந்த அகதிகளும் அங்கே வந்தார்கள். செவிடான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தினார். அவருக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்ததும் உண்டு. காலமெல்லாம் நாம் உதவுகிறவர்கள் நம்மைக் கொண்டாட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, அது அவரிடம் இருக்கவில்லை.

2003 ஒக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. தம் மருத்துவமனை வளாகத்திலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 60. அதே மாதத்தில்தான் நமது பாராளுமன்றம், எஞ்சியிருந்த நாடற்ற இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

ஒக்டோபர் ஜெபமாலை மாதமல்லவா? 5-ஆம் திகதி இரவு, குடும்ப ஜெபத்தில் ஒரு பத்து மணியை அன்னலேனாவுக்காகவும், உங்கள் லயத்தில் இருமிக்கொண்டு தனியே படுத்திருப்பவருக்காகவும் ஒப்புக்கொடுங்கள். ஜெபம் முடிந்ததும் ஒரு பிள்ளையை அனுப்பி, அவர் சாப்பிட்டாரா என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.