பழையதும் பழமையும்

ஆண்டுகள் கடந்துவிட்டாலே ஒரு பொருளுக்குப் பெருமை வந்துவிடுமா? மகிழுந்தைப் பொறுத்தவரை உலகம் இதற்கோர் அளவுகோல் வகுத்துள்ளது. அனைத்துலகப் பழமை வாகனக் கூட்டமைப்பின் வரையறைப்படி, வண்டிக்கு 30 வயதேனும் நிறைந்திருத்தல் வேண்டும். தொடக்க அமைப்புக் கெடாமல் பேணப்பட்டிருத்தல் வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்கு அது பயன்படலாகாது.

செரண்டா வட்டாரத்துச் சுங்கை சோவில் ஆலை அமைத்த பெரோடுவா நிறுவனம், 1994இல் ‘கஞ்சில்’ என்னும் சிறு மகிழுந்தை வெளியிட்டது. சருகுமானின் பெயர் தாங்கிய அவ்வண்டி 2009 வரை உருவாயிற்று. விலை குறைவாதலின் எளிய குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே முதல் மகிழுந்து. 2024இல் அதன் மூத்த வண்டிகள் முப்பதை எட்டின. ஆயினும், பிள்ளைகளைப் பள்ளிக்கும் பெரியோரை மருத்துவமனைக்கும் நாள்தோறும் சுமந்து செல்லும் கஞ்சில், அவ்விதிப்படி வெறும் பழைய வண்டியே. கொட்டகையில் துடைத்து நிறுத்தப்பட்டதோ பழமைச் செல்வம்!

இது முறையா? ஒதுக்கிப் பேணுவோர் இல்லையேல், முன்னோரின் கைத்திறனைப் பின்னோர் காண இயலாது. ஆதலின் அவ்விதியிலும் நியாயம் உண்டு. ஆனால், எதைக் காத்துவைப்பது என்பதற்கே அது விதி. எதை மதிப்பது என்பதற்கு அன்று. ஓய்ந்த பின்னரே போற்றப் பழகிவிட்டால், உழைத்துக்கொண்டிருக்கும் முதியோரையும் அவ்வாறே எடைபோடத் துணிவோம். காட்சிக்கு நிற்பதைக் காப்போம். கடமையில் நிற்பதை அதனினும் மேலாக மதிப்போம்.