மறந்துபோன வலி

குழந்தைக்குத் தையல் போடும் முன் வாய்வழியே கொடுக்கும் மயக்க மருந்து பழைய கேள்வி ஒன்றைக் கிளப்புகிறது: பட்ட வலி நினைவில் நிற்கவில்லை என்றால், அது பட்டதாகக் கணக்கில் வருமா?

இதற்குப் பரவலாகப் பயன்படுவது மிடசோலாம். எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் வரை, கசப்பு தெரியாமல் இனிப்புப் பாகில் கலந்து புகட்டுவார்கள். கால் மணி, அரை மணி நேரத்தில் அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்த விரல்கள் தாமாகத் தளரும். பயம் அடங்கும், அதன்பின் நடப்பது பெரும்பாலும் மனத்தில் பதியாது. சில பிள்ளைகள் மட்டும் அடங்காமல் கூடுதலாக முரண்டு பிடிப்பார்கள். ஆனால் இந்த மருந்து வலியைக் குறைப்பதில்லை. மரத்துப்போகச் செய்யும் ஊசியைத் தனியாகப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் குழந்தை முழு வலியையும் பட்டு, மறந்து, வீடு திரும்பும்.

மறந்தால் சரி என்பவர்களுக்கு மதுரையை அடுத்த அழகர்கோவிலின் வைணவ மரபில் மறுப்பு உண்டு. இராமானுசருக்குத் திருவாய்மொழிப் பொருள் சொன்ன திருமாலையாண்டான் இவ்வூர்க்காரர். அந்த இராமானுசரே ஸ்ரீபாஷ்யத்தில், ஆழ்ந்த உறக்கத்திலும் ‘நான்’ அற்றுப்போவதில்லை என்று வாதிடுகிறார். சுகமாகத் தூங்கினேன் என்று எழுந்தவர் சொல்ல வேண்டுமானால், தூங்கியபோதும் அவர் இருந்திருக்க வேண்டும். நினைவு தெளிவில்லாமல் போகலாம், ஆள் இல்லாமல் போவதில்லை. மயக்கத்தில் கிடக்கும் பிள்ளைக்கும் இதுவே பொருந்தும். வலி அங்கே ஒருவரைத்தான் தொடுகிறது.

பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவ உலகமே வெகுகாலம் நம்பியது. குறைமாதக் குழந்தைகளின் இதய அறுவையில் வலிநீக்கி கொடுத்தால் உடலின் பதற்றம் எவ்வளவு குறைகிறது என்று மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய குழுவினரும் 1987-இல் காட்டிய பிறகே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அறுத்துச் சுடும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளியைக் குலசேகராழ்வார் உவமையாக்குகிறார். அந்த நோயாளி காரணம் அறிந்தவன். தாய்மாமன் மடியில் காது குத்திக்கொள்ளும் ஒரு வயதுப் பிள்ளைக்குக் காரணம் தெரியாது. மொட்டைத் தலையில் சந்தனம் காயும் முன்பே கம்பி இறங்குகிறது. வீறிட்ட வாயில் சர்க்கரை வைக்கிறார்கள். அழகர்கோவிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பன் கதவின் முன் பொய் சொல்ல அஞ்சுகிறவர்களும் பிள்ளையிடம் வலிக்காது என்று சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் வலிக்கும், மாமா பிடித்துக்கொள்வேன் என்பது உண்மையும் ஆகும், ஆறுதலும் ஆகும். இதற்கென்று தூக்க மருந்து தேடுவது தேவையற்ற ஆபத்து.

ஆபத்து மூச்சில் இருக்கிறது. மயங்கிய பிள்ளையின் நாக்கு பின்னால் சரிந்து காற்று போகும் வழியை அடைக்கலாம். மருந்தின் அளவு கூடினால் மூச்சே மந்தமாகும். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கலாம், அதனால்தான் வயிறு காலியாக இருக்கச் சொல்கிறார்கள்: தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், பசும்பாலுக்கும் திட உணவுக்கும் 6 மணி நேரம். விரலில் ஆக்சிஜன் காட்டும் கருவியும், மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்கேனுக்கு நம் ஊரில் வழக்கமாகத் தரும் டிரைக்ளோபாஸ் சிரப்பின் தூக்கம் பல மணி நேரம் நீளலாம். அதை வீட்டிலேயே புகட்டி, அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு 20 கிலோமீட்டர் பேருந்தில், தலை மார்பில் கவிழ்ந்த பிள்ளையைத் தூக்கி வரக் கூடாது. திரும்பும்போதும் அப்படித்தான்: பிள்ளை நன்றாக விழித்து, அம்மாவை அடையாளம் கண்டு, பழையபடி தலை நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே புறப்பட வேண்டும்.