49.5 மில்லிமீட்டர்

ஸ்டார்ட்டர் கயிறு வரவில்லை.

இழுத்த கை அப்படியே நிற்கிறது. தோள்பட்டையில் அந்த நிறுத்தம் கொஞ்ச நேரம் தங்குகிறது. பிறகு போகிறது.

*

மிச்சிகனில் இலையுதிர் காலத்தின் கடைசி. மேப்பிள் மரங்களில் இலை இல்லை. கொட்டகைக்குள் விடும் மூச்சு கண்ணுக்குத் தெரிகிறது.

ஹோண்டா ஏடிசி 110. மூன்று சக்கரம். சிவப்பு வெளிறியிருக்கிறது. பலூன் டயர்கள் காற்றிறங்கித் தரையோடு படிந்திருக்கின்றன. ஓடும் நாளிலும் அவற்றுக்கு அதிகம் காற்று கிடையாது. 2.2 பிஎஸ்ஐ. சேற்றில் புதையாமல் போக அவ்வளவு போதும்.

*

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும் ஒரு துளை. துளைக்குள் டார்ச் வெளிச்சம். பிஸ்டன் தலையில் கரி. ஓரத்தில் செம்பழுப்பு.

மூங்கில் குச்சி ஒன்றை உள்ளே விட்டுப் பார்க்கிறேன். பிஸ்டன் நடுவழியில் நிற்கிறது.

அது போய்வர வேண்டிய தூரம் 49.5 மில்லிமீட்டர். சிலிண்டரின் உள்விட்டம் 52. மொத்தம் 105 சிசி.

குச்சியில் விரலால் அளந்து பார்க்கிறேன். கட்டைவிரல் நீளம்கூட இல்லை.

*

சூட்டில் பிடித்த எஞ்சின் வேறு. ஆயில் தீர்ந்து, அலுமினியம் இளகி, சிலிண்டர் சுவரில் இழுபட்டு அப்பிக்கொள்கிறது. அதற்கு ஒரு நேரம் உண்டு. அதுவரை ஓடியது, அப்போது நின்றது.

இதற்கு அப்படி ஒரு நேரம் இல்லை. யாரோ இதை நல்லபடியாக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். நின்ற இடத்தில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்திருக்கிறது.

பகலில் கொட்டகை சூடேறுகிறது. சிலிண்டருக்குள் இருக்கும் காற்று விரிந்து சைலன்சர் வழியே வெளியே போகிறது. இரவில் குளிர்கிறது. ஈரக்காற்று அதே வழியில் உள்ளே வருகிறது.

நிறுத்தி வைத்த எஞ்சினும் மூச்சு விடுகிறது. ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து ஒரு மூச்சு.

*

ரிங் இரும்பு. சுவர் இரும்பு. நடுவே இருந்த ஆயில் படலம் வடிந்துபோயிருக்கிறது.

இரும்பு துருவாகும்போது பருக்கிறது. இடைவெளி இருந்த இடத்தில் இப்போது துரு இருக்கிறது.

*

பெஞ்சின் மேல் சுத்தியல்.

கண் அங்கே போகிறது. திரும்பி வருகிறது.

*

ஆயில் விட வேண்டும். ஆனால் இந்த எஞ்சினில் சிலிண்டர் படுத்திருக்கிறது. விட்டால் அடிப்பக்கத்தில் மட்டும் தேங்கும். ரிங்கின் மேல்பாதி வறண்டே கிடக்கும்.

டேங்கில் இருந்த பழைய பெட்ரோலை வடித்தாயிற்று. எஞ்சின் ஆயிலையும். ஹேண்டிலைப் பிடித்து மெல்லத் தூக்குகிறேன். வண்டி பின்கம்பியின் மேல் செங்குத்தாக நிற்கிறது. முன்சக்கரம் கூரையைப் பார்க்கிறது.

சிலிண்டர் நிமிர்ந்திருக்கிறது.

*

ஆட்டோமேடிக் கியருக்கான சிவப்பு ஆயில் பாதி. அசிட்டோன் பாதி. குலுக்கிய உடனே ஊற்ற வேண்டும். விட்டால் இரண்டும் பிரிந்து நிற்கின்றன.

மெல்லிய குழாய் வழியே இறங்குகிறது. சத்தம் இல்லை.

மூக்கில் அசிட்டோனின் காரம். ஹீட்டரை அணைத்திருக்கிறேன். இது தீப்பிடிக்கும் சாமான். பக்கத்தில் தீப்பொறி ஆகாது. குளிர் முதலில் விரல் நுனிக்கு வருகிறது, அப்புறம் மணிக்கட்டுக்கு.

துளையைத் துணியால் அடைக்கிறேன்.

*

இடைவெளி குறுகக் குறுக எண்ணெய் இன்னும் ஆழமாகப் போகிறது. அகலமான இடத்தில் அந்த இழுப்பு இல்லை.

இதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். கண்ணாடிக் குழாயும் வண்ணத் தண்ணீரும். இன்று அதை நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

*

செய்ய எதுவும் இல்லை.

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்குகிறது. அடுக்கியதைத் திரும்பவும் அடுக்குகிறது.

*

1967-இல் அமெரிக்காவின் ஹோண்டா விற்பனையாளர்கள் கேட்டார்கள். குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பதில்லை, அப்போது விற்க ஏதாவது வேண்டும். ஒசாமு டகேயுச்சி என்ற பொறியாளர் இரண்டு சக்கரம் முதல் ஆறு சக்கரம் வரை வைத்துப் பார்த்தார். பனியிலும் சேற்றிலும் மூன்று சக்கரம் நன்றாகப் போனது. 1970-இல் முதல் வண்டி வந்தது. 89 சிசி.

வெளியே இன்னும் பனி விழவில்லை.

*

பின் அச்சு ஒரே தண்டு. வளைவிலும் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகின்றன. உடம்பைச் சாய்க்கத் தெரியாதவரை வண்டி கவிழ்த்துவிடுகிறது. அடிபட்டவர்களில் சிறுவர்கள் நிறைய. 1988-இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி கம்பெனிகள் அமெரிக்காவில் புது மூன்று சக்கர வண்டிகளை விற்பதை நிறுத்தின.

அந்தச் சிறுவர்களின் நினைவு வருகிறது. முகம் தெரியாத நினைவு. அதைத் தள்ளிவிடவில்லை.

இது ஓடினால் விறகு இழுக்க. நடைவேகத்தில். பெரியவர்கள் மட்டும்.

*

துணியை எடுத்துப் பார்க்கிறேன். மட்டம் இறங்கியிருக்கிறது.

கொஞ்சம் அசிட்டோன் ஆவியாகப் போயிருக்கும். ஆனால் ஆயிலும் குறைந்திருக்கிறது. எங்கோ ஒரு வழி இருக்கிறது. கண்ணுக்கு எட்டாத வழி.

இன்னும் ஊற்றுகிறேன்.

*

இடப்பக்க மூடி திறந்திருக்கிறது. மேக்னெட் சக்கரம். அதன் ஓரத்திலிருந்து எஞ்சின் உடம்பு வரை சாக்பீஸால் ஒரு கோடு.

குட்டை ஸ்பானரையே எடுக்கிறேன். நீளப் பிடி போட்டாலோ பைப்பைச் செருகினாலோ பலம் பெருகும். அந்தப் பலம் எதையாவது உடைக்கும். மேக்னெட்டின் கீ வெட்டுப்படலாம். கனெக்டிங் ராடு வளையலாம். குட்டை ஸ்பானரில் கையின் பலம் கையளவில் நிற்கிறது.

நட்டில் மாட்டி அழுத்துகிறேன். ஒன்றும் இல்லை.

மறுபக்கம் அழுத்துகிறேன். ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லாததை விரல்கள் கவனிக்கின்றன. கல்லை அழுத்தினாலும் ஒன்றும் இருக்காது. இது அந்த அளவுக்கு இறுகியது இல்லை.

*

தகரக் கூரையில் மழை.

நின்றுவிடுகிறது. சொட்டு மட்டும் தொடர்கிறது.

*

அழுத்துகிறேன். விடுகிறேன். அந்தப் பக்கம். இந்தப் பக்கம்.

மூச்சு இதோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. எப்போது சேர்ந்தது என்று தெரியவில்லை.

*

சாக்பீஸ் கோடு முறிந்திருக்கிறது.

சக்கரத்தின் மேல் இருக்கும் பாதிக்கும் எஞ்சின் மேல் இருக்கும் பாதிக்கும் நடுவே மயிரிழை விலகல். ஸ்பானரில் எதுவும் உணரவில்லை. கோடுதான் காட்டுகிறது.

நெஞ்சு வேகமாக அடிக்கிறது. ஸ்பானரைக் கீழே வைக்கிறேன். இந்த நேரத்தில் கை அவசரப்படும். இந்த நேரத்தில்தான் ரிங் உடையும்.

*

திரும்பிய தூரமே மறுபடி திரும்புகிறது. கொஞ்சம் கூடுதலாக. பின்னால் வந்து, ஆயில் விட்டு, முன்னால்.

உள்ளே ஒரு கரகரப்பு. துரு பொடிகிறது.

பிறகு கரகரப்பு குறைகிறது. பிளக் துளை வழியே சிவப்பு ஆயில் கொப்பளித்து முகத்தில் தெறிக்கிறது. பிஸ்டன் மேலே வந்திருக்கிறது. 49.5 மில்லிமீட்டரும் போய், திரும்புகிறது.

கொட்டகையில் நான் மட்டும்தான். சத்தமாகச் சிரிக்கிறேன்.

*

இத்தோடு ஆயிலை மாற்றி ஓடவிடுகிறவர்கள் உண்டு. ஓடவும் செய்யும். எனக்கு மனம் ஒப்பவில்லை. பொடிந்த துரு உள்ளே இருக்கிறது. அது பேரிங்குக்குப் போகும்.

*

சாய்த்து வைத்த வண்டி. ஹெட்டின் நான்கு நட்டுகள், குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. டைமிங் செயின் உள்ளே விழுந்துவிடாமல் கம்பியில் கட்டித் தொங்குகிறது.

சிலிண்டர் நழுவி வருகிறது. கையில் கனம். கிராங்க்கேஸின் வாயைத் துணி மூடியிருக்கிறது.

உள்சுவரில் ரிங்குகள் நின்ற இடம் வளையமாகத் தெரிகிறது. கறுப்பும் செம்பழுப்பும். நின்றிருந்த வருடங்கள் அத்தனையும் இந்த வளையத்தின் அகலத்தில்.

*

நைலான் தேய்ப்பானும் ஆயிலும். பொறுமையாக, வட்டமாக.

துரு துணிக்கு வருகிறது. துணி மாறுகிறது. திரும்பவும் வருகிறது.

அடியில் உலோகம் வெளுக்கிறது.

*

கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தால் சுவரை வருடுகிறேன். வழுக்கு. வழுக்கு. வழுக்கு. ஓர் இடத்தில் நகம் தட்டுகிறது.

படுத்திருந்த சிலிண்டரின் அடிப்பக்கம் அது. ஈரம் அங்கே தேங்கியிருக்கிறது.

இன்னொரு முறை வருடுகிறேன். தட்டுகிறது.

*

ஹோனிங் கல் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடும். அந்தக் கோடுகளில் ஆயில் நிற்கும். ஆனால் நகம் தட்டும் குழியை ஹோனிங் எடுத்துவிடாது.

குழியோடு விட்டு ரிங் மட்டும் மாற்றலாம். புகை வரும். கம்ப்ரஷன் குறையும். இவ்வளவு காத்திருந்த இரும்புக்கு அது நியாயமாகப் படவில்லை.

போர் பண்ண வேண்டும். 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன். 52 என்பது 52.25 ஆகிறது. முதலில் பிஸ்டன் கைக்கு வர வேண்டும். அதை அளந்து, அதற்கேற்ப லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைவார்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளி தலைமுடியின் பருமனைவிடக் குறைவு.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது. ஆயில் அங்கே. துருவும் அங்கே.

*

பழைய பிஸ்டனில் இருந்து ரிங்கைக் கழற்றப் பார்க்கிறேன். மேல் ரிங் பள்ளத்திலேயே கரியோடு ஒட்டியிருக்கிறது. இரண்டாவது மெல்ல விரிந்து வருகிறது. பாதி வழியில் டக்கென்று உடைகிறது.

உடைந்த முனை வெள்ளையாக மின்னுகிறது. உள்ளே இரும்பு புதிதாகவே இருந்திருக்கிறது.

*

பெஞ்சில் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கழற்றிய வரிசையிலேயே. பழைய பிஸ்டனின் தலையில் கரியைத் துடைத்தால் இரண்டு எழுத்துகள் தெரிகின்றன. இன்லெட் பக்கத்தைக் காட்டும் குறி. புதியதும் அந்தப் பக்கம் பார்த்தே ஏற வேண்டும்.

*

மதியம். ஜன்னல் வெளிச்சம் பெஞ்சின் பாதியில். கையில் ஆயில் வாசனை. சோறு சாப்பிடும்போதும் அது இருக்கிறது.

*

ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் குழிவில் மண்ணெண்ணெய் நிரப்பியிருக்கிறேன். வால்வுகள் இரண்டும் மூடியிருக்கின்றன.

இன்லெட் பக்கத் துளை உலர்ந்திருக்கிறது.

எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஈரம். பிறகு ஒரு துளி. வருடக்கணக்கில் திறந்திருந்த வால்வு, அதன் இருக்கையில் துரு புள்ளி வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றி, பசை தடவி, அரைத்துப் பார்க்க வேண்டும். பிஸ்டன் வருவதற்குள் அதைச் செய்யலாம்.