தீட்டும் பிணியும்

சிவனும் திருமாலும் ஓருடலில் இணைந்து, கோமதியம்மனின் தவத்திற்கு இரங்கிக் காட்சி தந்த தலமென ஆடித்தபசு விழாவில் போற்றப்படும் சங்கரன்கோவிலில், புற்றுமண் சரும நோய் தீர்க்கும் பிரசாதமாகக் கொள்ளப்படுகிறது. உடற்பிணியை இறைவியிடம் சொல்லக் கூசாத மரபு இது. ஆயினும் பிறப்புறுப்பில் அரிப்பும், தயிர்த்திப்பி போன்ற வெள்ளைப்படுதலும் தோன்றும்போது மட்டும், அது தீட்டு, அதாவது சடங்குவழித் தூய்மைக் குறைவு, என்றோ ஒழுக்கக்கேடு என்றோ கருதப்பட்டுப் பெண் வாய்மூடி நிற்பது அறமாகுமா என்பதே வினா.

இவ்வறிகுறிகளுக்குக் காரணமாகும் காண்டிடா எனும் பூஞ்சை நலமுள்ள பெண்கள் பலரின் உடலிலும் இயல்பாகவே வாழ்வது. அதை அடக்கிவைக்கும் லாக்டோபேசில்லஸ் என்னும் நற்பாக்டீரியா ஆன்டிபயாடிக் மருந்துகளால் குறையும்போதும், கர்ப்பகாலத்திலும், நீரிழிவு கட்டுப்படாத நிலையிலும் அப்பூஞ்சை பெருகுகிறது. ஆகவே இப்பிணி பாவத்தின் பயனன்று, சமநிலையின் குலைவே. இரு தெய்வங்களை ஓருருவில் வணங்கும் ஊருக்கு இவ்வுண்மை அயலானதன்று.

பருத்தி உள்ளாடை அணிதல், ஈரத்துணியை உடனே மாற்றுதல், உறுப்பின் உள்ளே சோப்பிட்டுக் கழுவாமை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல் ஆகியவை இதைத் தடுக்க உதவும். புற்றுமண்ணை நெற்றியில் அணியலாம், புண்பட்ட உறுப்பில் இடலாகாது. அம்மனிடம் கூசாமல் சொல்லும் குறையைப் பெண்கள் மருத்துவரிடமும் கூசாமல் சொல்ல வேண்டும்.